எல்லாருக்கும் இடம் இருக்கு

ஒரு தேசத்தின் மனசாட்சி நூற்றாண்டுக்கு ஒருமுறைதான் மனித உருவெடுத்து மேடையேறுகிறது. அன்றைக்கு ஏறுவதற்கு முன் அதற்குப் பேன்ட் கொக்கி மாட்டவில்லை.

"மூச்ச உள்ள இழுங்க சார். இன்னும். இன்னும் கொஞ்சம்," என்றார் முன்னால் மண்டியிட்டிருந்த லைட்காரர்.

"இதுக்கு மேல இழுத்தா செத்துடுவேன்யா."

"கொக்கி மாட்டுனதுக்கு அப்புறம் சாவுங்க சார். இன்னிக்கு ஹவுஸ் ஃபுல்."

மனசாட்சி, நூற்றாண்டு எல்லாம் அரங்க வாசலில் தொங்கிய பேனரில் இருந்தவை. எந்த விமர்சகரும் எழுதித் தரவில்லை. கொக்கிக்காக மூச்சை இழுத்துக்கொண்டிருந்தவனே உட்கார்ந்து எழுதி, ஒருமுறை படித்துப் பார்த்து, தன்னடக்கமாக இருக்கட்டும் என்று 'உலகத்தின்' என்பதை 'தேசத்தின்' என்று மாற்றியிருந்தான்.

நாடக வட்டாரத்தில் அவனுக்கு நகல் என்று பெயர். ஒரே ஆள், ஒரே மேடை, ஒரே தலைவர். அந்தத் தலைவருக்குப் பதவியில் இருந்த காலத்தைவிடப் பதவி போன காலம் நீளமாகிவிட்டதால் எல்லாரும் அவரை 'முன்னாள்' என்றே சொன்னார்கள். நகல் முதன்முதலில் முன்னாளாக வேஷம் கட்டியபோது வயிற்றில் ஒரு தலையணை கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போது தலையணைக்கு வேலை இல்லை. கழுத்துவரை பட்டன் போட்ட சாம்பல் நிறக் கோட்டுக்குள் அவன் வயிறே பொறுப்பாக அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது.

அன்றைய காட்சிக்கு முன்னாளே நேரில் வருகிறார். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கே காட்சி. ஆட்சியில் இருந்தபோது நாட்டை நினைத்துத் தூக்கமே வருவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர், இப்போது ஏழு மணிக்குள் படுத்துவிடுவாராம்.

ஆனால் நகல் பயந்தது முன்னாள் வருவதற்கு அல்ல. அப்பா வருகிறார்.

ஒப்பனை அறைக் கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு அக்கா வந்தாள்.

"கூட்டிட்டு வந்துட்டேன். எட்டாவது வரிசையில உக்கார வெச்சிருக்கேன். சட்டைக்கு இஸ்திரி போடச் சொல்லி ரெண்டு நாளா உயிர எடுத்துட்டார்."

"ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம்ல அக்கா?"

"இத்தன வருஷமா நான் சொல்லாத சாக்கா? கூட்டம், ஏசி ஒத்துக்காது, பாத்ரூம் தூரம். எல்லாம் தீந்துபோச்சு. தலைவரே வர்றாராமே, நான் போகக் கூடாதான்னு கேக்கறார். என்ன சொல்ல?" அவள் லைட்காரரைப் பார்த்தாள். அவர் டீ வாங்கப் போவதுபோல வெளியே நழுவினார். "இங்க பாரு. நீ என்ன வேணா ஆடு. அத மட்டும் இன்னிக்குப் பண்ணாத. அந்த வயசான மனுஷன் முன்னாடி அறுநூறு பேர் அவரப் பாத்துச் சிரிக்கக் கூடாது."

"பண்ணல."

"சத்தியமா?"

"பண்ணலன்னு சொல்றேன்ல."

'அது' என்னவென்று இருவருக்கும் தெரியும். ஊருக்குத்தான் தெரியாது.

ஒரு மனிதனை நகலெடுக்க வேண்டுமென்றால் அவனிடம் ஏதாவது இருந்தாக வேண்டும். முன்னாளிடம் எதுவும் இல்லை. நல்ல மனிதர் என்று எல்லாரும் சொன்னார்கள், வேறு என்ன சொல்வது என்று தெரியாததால். அவர் பேச்சை யாரும் எதிர்த்ததில்லை. கேட்டிருந்தால்தானே எதிர்ப்பார்கள். நகல் அந்தக் காலத்தில் அவருடைய பேச்சுகளை நாள்கணக்கில் போட்டுப் பார்த்தான். கை ஆடவில்லை, புருவம் ஏறவில்லை, குரல் ஏறி இறங்கவில்லை. குழாயில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால்கூட எப்போது அடுத்த சொட்டு என்று ஓர் எதிர்பார்ப்பு இருக்கும். காட்சிக்கு நாள் குறித்தாகிவிட்டது. கையில் கோட்டு மட்டும்தான் இருந்தது.

அந்த அவசரத்தில்தான் அப்பாவை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

அப்பா ஓர் அரசாங்கக் கட்டடத்தில் லிஃப்ட் ஆபரேட்டர். எட்டு மாடி, ஒரே லிஃப்ட். காலையில் ஆபீஸ் நேரத்தில் ஜனங்கள் முண்டியடித்துக்கொண்டு ஏறுவார்கள். அப்பா கதவோரம் ஒரு ஸ்டூலில் அவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்து, "மெதுவா, மெதுவா. எல்லாருக்கும் இடம் இருக்கு" என்பார். இடம் இருக்காது. இருந்தாலும் சொல்வார். சொல்லிவிட்டு, மோவாயைத் தூக்கி, மேலே எரியும் மாடி எண்களைப் பார்ப்பார், கட்டைவிரல் பொத்தானை அழுத்தும். வருஷக்கணக்கில் இதைச் செய்து செய்து, வீட்டிலும் அப்படியே ஆகிவிட்டது. சாப்பிட உட்காரும்போதும், சண்டையை விலக்கும்போதும், மகனின் மார்க்கைக் கேட்ட பிறகும், மோவாய் மேலே போகும், கட்டைவிரல் காற்றில் எதையோ அழுத்தும். மகனும் மகளும் அதைச் செய்துகாட்டித்தான் வளர்ந்தார்கள். அவர் எதிரிலேயே செய்வார்கள். அவரும் சிரிப்பார்.

மேடையில் நகல் செய்தது அவ்வளவுதான். முன்னாள் மேடைக்கு வருவார். மக்களைப் பார்ப்பார். "மெதுவா, மெதுவா. எல்லாருக்கும் இடம் இருக்கு" என்பார். மோவாயைத் தூக்கி, எங்கோ உயரத்தில் எதிர்காலம் தெரிவதுபோலப் பார்ப்பார். வலது கட்டைவிரலால் காற்றில் ஒரு பொத்தானை அழுத்துவார்.

முதல் நாளே அரங்கம் அதிர்ந்தது. 'தலைவரின் ஆழ்மனத்தைத் தொட்டுவிட்டார்' என்று ஒரு பத்திரிகை எழுதியது. முன்னாளுடைய ஆலோசகர்கள் அவசரமாகக் கூடி, மக்கள் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றால் நம்மை நேசிக்கிறார்கள் என்று பொருள், ஆகவே நாமும் அதையே செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அதன் பிறகு முன்னாள் போகிற கூட்டத்திலெல்லாம் மோவாயைத் தூக்கினார், கட்டைவிரலை அழுத்தினார். அடுத்து வந்த தேர்தலிலேயே மண்ணைக் கவ்வினார். ஆனால் பழக்கம் தங்கிவிட்டது.

முதல் காட்சிக்கு அக்கா வந்திருந்தாள். பாதியில் எழுந்து வெளியே போனவள், வாசலில் காத்திருந்து, "அப்பாவ கோமாளி ஆக்கிட்டியேடா" என்று ஒரே வரி சொன்னாள். அன்றிலிருந்து அப்பா அந்த அரங்கத்துப் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டதும் அவள்தான். அப்பா போனிலும் எதையும் பார்க்க மாட்டார். ஆயுசு முழுக்க ஒரு பெட்டிக்குள் இருந்தாயிற்று, இனிமேல் பெட்டிக்குள் எதையும் பார்க்கிற உத்தேசம் இல்லை என்பார்.

மணி அடித்தது. திரை விலகியது.

நகல் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். வந்து நின்றான். மக்களைப் பார்த்தான். அறுநூறு பேரும் சிரிப்பதற்கு வாயைத் தயாராக வைத்திருந்தார்கள். அவன் "வணக்கம்" என்றான். கைகளைக் கோட்டுப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான், தப்பித்தவறி வெளியே வந்துவிடக் கூடாதே என்று.

அப்புறம் நடந்ததைச் சொல்லாமல் விடுவதே மரியாதை. முதன்முறையாக அந்த மேடையில் முன்னாள் எப்படியோ அப்படியே நின்றார். தத்ரூபம். ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள். யாரோ மிட்டாய்க் காகிதம் பிரிக்கும் சத்தம் கடைசி வரிசையிலிருந்து மேடைவரை கேட்டது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அசல் முன்னாள் தன் உதவியாளரின் காதில் ஏதோ கேட்டார். உதவியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பக்கவாட்டில் நின்ற லைட்காரர், பொத்தானை அழுத்தச் சொல்லி, வலது கட்டைவிரலைக் காட்டிக் காட்டி ஓய்ந்துபோனார். எட்டாவது வரிசையில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை ஒன்று அசையாமல், முதுகு நிமிர்ந்து, கடைசிவரை அப்படியே இருந்தது.

காட்சி முடிந்ததும் கைதட்டல் ஒன்று கிளம்பிப் பாதியிலேயே உட்கார்ந்தது. விளக்குகளைப் போட்டார்கள். முன்னாளை மேடைக்கு அழைத்தார்கள். மூன்று பேர் கைத்தாங்கலாக ஏற்றிவிட, அவர் மைக் முன்னால் வந்து நின்றார். கூட்டம் அவரைப் பார்த்தது. அவர் கூட்டத்தைப் பார்த்தார்.

"மெதுவா, மெதுவா," என்றார். மோவாய் மேலே போனது. வலது கட்டைவிரல் காற்றை அழுத்தியது. "எல்லாருக்கும் இடம் இருக்கு."

அரங்கம் இடிந்து விழாதது கொத்தனாரின் புண்ணியம். எழுந்து நின்று தட்டினார்கள். கண்ணீர் வரச் சிரித்தார்கள். ஒரு மணி நேரமாக அடக்கிவைத்ததையெல்லாம் சேர்த்துச் சிரித்தார்கள். பக்கத்தில் பாக்கெட்டில் கையோடு நின்றிருந்த நகல் எட்டாவது வரிசையைத்தான் பார்த்தான். அப்பா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அக்காவிடம் குனிந்து ஏதோ கேட்டார்.

ஒப்பனை அறையில் போட்டோ எடுக்கும் கூத்து நடந்தது. ஐந்து பேருக்கான அறையில் இருபது பேர். முன்னாள் நடுவில் நாற்காலியில். அவர் தோளுக்குப் பின்னால் நிற்பதற்கு இன்றைய பிரமுகர்களும் நேற்றைய பிரமுகர்களும் ஒருவரையொருவர் இடுப்பால் இடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அப்பாவை எப்படியோ உள்ளே கொண்டுவந்து சேர்த்து, கதவோரம் கிடந்த ஒப்பனை ஸ்டூலில் உட்கார வைத்திருந்தாள். பின்னாலிருந்து இன்னும் நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"பெரியவரே, கொஞ்சம் தள்ளுங்க. ஃப்ரேம்ல விழறீங்க," என்றார் உதவியாளர்.

கதவோரம். ஸ்டூல். முண்டியடிக்கிற கூட்டம். அப்பாவுக்கு வேறு என்ன தெரியும்? முகத்தில் கோபமே இல்லாமல், மாசச் சம்பளம் வாங்கிய காலத்துக் குரலில் சொன்னார்:

"மெதுவா, மெதுவா. எல்லாருக்கும் இடம் இருக்கு."

மோவாய் மேலே போனது. கட்டைவிரல் காற்றில் அழுந்தியது.

அறையே கொல்லென்று சிரித்தது.

"அடடே! பெரியவரும் தலைவர் மாதிரியே பண்றாரே!"

"பார்றா, இந்த வயசுல!"

முன்னாளுக்குப் பரம சந்தோஷம். நாற்காலியிலிருந்து எட்டி அப்பாவின் தோளில் தட்டினார். "நல்லா பண்றீங்க. ரொம்ப நல்லா பண்றீங்க. விடாம பண்ணுங்க."

"கைதான் மாறிப்போச்சு பெரியவரே," என்றார் உதவியாளர், விஷயம் தெரிந்தவராக. "நீங்க இடது கையில பண்றீங்க. தலைவரு வலது கை."

அப்பா தன் இடது கையைப் பார்த்தார். பார்த்துவிட்டு, தப்பான மாடியில் யாரையோ இறக்கிவிட்டவர்போல, "அப்படிங்களா? மன்னிச்சிருங்க," என்றார்.

அக்கா நகலைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஒரே அர்த்தம்தான்: சொல்லு. ஒரு வரி. இவர்தான் அசல், மீதி எல்லாம் இவரைப் பார்த்து எடுத்தது. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முன்னாளின் ஆழ்மனம் ஒரு லிஃப்ட் என்று ஆகியிருக்கும். பேனரைக் கழற்ற வேண்டியிருந்திருக்கும். நகல் வாயைத் திறந்தான். அப்போது போட்டோக்காரர் "எல்லாரும் சிரிங்க" என்றார்.

சிரித்தான்.

திரும்பிப் போகும்போது டாக்ஸியில் அப்பா வழக்கம்போல முன்சீட்டில் உட்கார்ந்தார். பின்னால் அக்காவும் நகலும். கோட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தான்.

"நல்லா நடிச்சேப்பா," என்றார் அப்பா, ரோட்டைப் பார்த்தபடியே.

"சுமாராத்தான்பா இருந்துச்சு."

"இல்ல, நல்லாத்தான் இருந்துச்சு. நான் வேற ஒண்ணு எதிர்பாத்துட்டு வந்துட்டேன், அதான்." ஒரு சிக்னல் வந்து போனது. "எங்க ஆபீஸ் ப்யூன் இருக்கான்ல, பஞ்சுத் தலையன், அவன் பாக்கும்போதெல்லாம் சொல்வான். 'உம் பையன் மேடையில உன்னையத்தான்யா பண்றான், ஊரே எந்திரிச்சு நின்னு தட்டுது'ன்னு. வருஷக்கணக்கா சொல்றான். சரி, கண்ணால ஒருதரம் பாத்துரலாம்னுதான் கிளம்புனேன். தலைவருக்காக ஒண்ணும் வரல. உங்க அக்காகிட்ட வேற எதச் சொன்னாலும் விட மாட்டா."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பொய் சொல்லியிருக்கான் கிழவன்," என்றார் அப்பா. "இன்னிக்குத்தானே தெரிஞ்சுது. அது தலைவரோடது. அவர் அப்போ சின்னப் பதவியில இருந்தாரு, நம்ம லிஃப்ட்ல ரெண்டு மூணு தடவ ஏறியிருக்காரு. எனக்கே தெரியாம அவரப் பாத்துப் பழகிட்டேன் போல. அதையும் கை மாத்திப் பழகியிருக்கேன் பாரு." சிரித்தார். "நல்லவேள, வெளிய யார்கிட்டயும் என்னோடதுன்னு சொல்லல."

அங்கேயே சொல்லியிருக்கலாம். முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் ஒரு முழத் தூரம். 'அப்பா, அது உங்களோடது. நான் எடுத்தேன். அவர் என்கிட்டேருந்து எடுத்தார்.' ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசிக் காசு வாங்குகிற வாய் அது. ஆனால் ஒத்திகை பார்க்காத வசனம் அதில் வந்ததே கிடையாது.

"காலைல வீட்டுக்கு வர்றேன்பா," என்றான்.

"வா, வா. யாரு வேணாங்கறா."

காலையில் போகும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனான். எங்கே நிறுத்துவது, எந்த இடத்தில் குரலை இறக்குவது என்றெல்லாம்கூட முடிவாகிவிட்டது. படியேறும்போது 'மன்னிச்சிருங்க' என்பதை முதலில் வைப்பதா கடைசியில் வைப்பதா என்பது மட்டும்தான் பாக்கி.

கதவைத் திறந்த அக்கா சமையலறையைக் கண்ணால் காட்டினாள்.

அப்பா சமையலறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். குளித்து, சட்டை போட்டு, தலை வாரியிருந்தார். எதிரே பாத்திர அலமாரியின் கண்ணாடிக் கதவு. அதைப் பார்த்து, "மெதுவா, மெதுவா," என்றார். இடது கை தானாக எழும்பியது. சட்டென்று அதைப் பிடித்துத் தொடைக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொண்டார். வலது கையைத் தூக்கினார். கட்டைவிரல் எந்தப் பக்கம் மடங்குவது என்று தெரியாமல் முழித்தது. மறுபடியும் முயன்றார்.

"எந்திரிச்சதுலேருந்து இதான்," என்றாள் அக்கா தாழ்ந்த குரலில். "தலைவர் விடாம பண்ணச் சொன்னாராம். லிஃப்ட்ல பொத்தான் அவருக்கு இடது பக்கம்தானேடா இருந்துச்சு. மனுஷன் வேற எந்தக் கையால அமுக்குவார்?"

நகல் வாசலிலேயே நின்றான். லிஃப்ட் அவன் கண்முன்னே வந்தது. ஸ்டூல், அப்பாவின் முகம், அவர் தோளுக்குப் பக்கத்தில் பொத்தான்கள். அவருக்கு நேர் எதிரே, சுவரோடு ஒட்டி, சின்னப் பையனாகத் தான்.

"யாரு, வந்துட்டியா?" அப்பா திரும்பினார். முகம் மலர்ந்தது. "நல்ல நேரத்துல வந்த. இவ ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறா. நீ தொழில் தெரிஞ்சவன், பாத்துச் சொல்லு."

இடது கை தொடைக்குக் கீழே பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். மோவாயைத் தூக்கினார். வலது கட்டைவிரல் காற்றில், மெதுவாக, கவனமாக அழுந்தியது.

"எல்லாருக்கும் இடம் இருக்கு. இப்போ சரியா இருக்கா?"

ஒத்திகை பார்த்தது ஒரு வரி விடாமல் ஞாபகம் இருந்தது. அப்பா காத்துக்கொண்டிருந்தார், எதிரே நிற்கிறவர் எந்த மாடி என்று சொல்வதற்காகக் காத்திருந்ததைப்போலவே.

"சரியா இருக்குப்பா," என்றான் நகல். "மோவாய மட்டும் இன்னும் கொஞ்சம் தூக்கணும்."

அப்பா தூக்கினார்.

எதிரே நிற்கிற ஆளின் இடது கை நம் வலது பக்கத்தில் தெரியும், ஏமாந்துவிடக் கூடாது என்பது, தொழிலுக்கு வரும் புதியவர்களுக்கு நகல் எடுக்கிற வகுப்பில் முதல் பாடம்.